‘படம் எப்படி?’: வேலூர்–ஆம்பூர் வட்டாரத் திரை ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஊர்களின் திரைப்பட ரசிகர்களுக்கு,

தோல் தொழில் வட்டாரத்தில் தீபாவளிப் படத்தைப் பற்றிய பேச்சு போனஸ் பேச்சோடு சேர்ந்தேதான் தொடங்கும். 1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் குறைந்தது 8.33 சதவீதம், கூடியது 20 சதவீதம் என்று வரம்பு வகுத்தது. கணக்காண்டு முடிந்த எட்டு மாதத்துக்குள் தொகையைக் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னது. மார்ச் 31-இல் கணக்கு முடிந்தால் கெடு நவம்பர் 30. தீபாவளி அந்தக் கெடுவுக்குள் வந்துவிடுவதால் இரண்டும் ஒட்டிக்கொண்டன. ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் பெண்களும், தோல் ஷாப்பில் டிரம்மோடு மல்லுக்கட்டும் ஆண்களும் வருஷத்தில் ஒருமுறை மொத்தமாகக் காசைக் கண்ணால் பார்ப்பது அப்போதுதான். காண்டிராக்ட் கூலிக்காரர்களில் பலருக்கு அதுவும் கிடையாது. துணிமணி, பட்டாசு, சீட்டுப் பாக்கி எல்லாம் போக மிஞ்சுவதில்தான் சினிமா. இங்கே ஒருவர் ‘படம் எப்படி?’ என்று கேட்டால், ஐந்து பேர் கொண்ட குடும்பத்தின் டிக்கெட், ஆட்டோ, இடைவேளைத் தீனி எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கேட்கிறார். பதில் சொல்பவருக்கு அந்த அளவுக்குப் பொறுப்பு உண்டு.

அந்தப் பொறுப்பு நன்றாக நிறைவேறும் இடம் கம்பெனி பஸ். லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் காலையில், முன்சீட்டுக்காரி பின்னால் திரும்பிக் கேட்கிறாள்: “இன்னாக்கா, படம் பாத்தியா?” பதில் வருகிறது: “பாத்தன். ஒரு வாட்டி பாக்கலாம். புள்ளைங்கள இட்னு போவாத, வெட்டு குத்து ஜாஸ்தி.” படம் எந்த அளவுக்குத் தேறும், யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது, ஏன் என்பது அத்தனையும் இதில் அடங்கிவிட்டது. நாலு பத்தி எழுதும் விமர்சகர்கள் பலர் இதில் பாதியைக்கூடச் சொல்வதில்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உருது பேசும் வீடுகளில் ‘கைசா ஹை?’ என்று கேள்வி வேறு மொழியில் வரும். எதிர்பார்க்கும் பதில் இதே அளவுதான்.

சினிமா வியாபாரத்தின் கணக்கில் இந்த வட்டாரம் ‘என்.எஸ்.சி.’ ஏரியாவில் வருகிறது. வடாற்காடு, தென்னாற்காடு, செங்கல்பட்டு என்ற பழைய மூன்று ஜில்லாக்களின் ஆங்கில முதலெழுத்துகள் அவை. வடாற்காடு 1989-இல் இரண்டாகப் பிரிந்தது. அதில் ஒரு பாதியான வேலூர் மாவட்டம் 2019-இல் வேலூர், திருப்பத்தூர், இராணிப்பேட்டை என மூன்றானது. கலெக்டர் அலுவலகங்கள் மாறின, விநியோகஸ்தரின் கணக்குப் புத்தகம் மாறவில்லை. ‘என்.எஸ்.சி.யில் படம் இவ்வளவு’ என்று சொல்லப்படும் தொகையில் கடலூரும் தாம்பரமும் ஆம்பூரும் ஒரே தட்டில் கிடக்கின்றன. எனவே இவ்வட்டாரம் ஒரு படத்தை எப்படி எடுத்துக்கொண்டது என்பது வசூல் எண்ணில் தனியாகத் தெரியாது. அது வாய்ப்பேச்சில்தான் பதிவாகிறது. எழுதி வைப்பாரும் இல்லை.

பண்டிகைப் படத்தின் வரலாற்றில் வேலூருக்கு இருக்கும் இடம் பெரியது. நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ.பெருமாள் முதலியார் வேலூர்க்காரர், பட விநியோகஸ்தர். சக்தி நாடக சபாவின் ‘நூர்ஜஹான்’ நாடகத்தில் பெண் வேடம் கட்டிய வி.சி.கணேசனை (பின்னாளில் சிவாஜி கணேசன்) பார்த்து, இவர்தான் தன் படத்தின் நாயகன் என்று முடிவு செய்தவர் அவர். அந்தப் படம் ‘பராசக்தி’. மு.கருணாநிதியின் வசனம், கிருஷ்ணன்–பஞ்சுவின் இயக்கம், ஏவி.எம்.மின் கூட்டு. கணேசனுக்கு மாதச் சம்பளம் 250 ரூபாய். படப்பிடிப்பு தொடங்கியதும் பையன் ஒல்லியாக இருக்கிறான், கே.ஆர்.ராமசாமியைப் போடலாம் என்ற பேச்சு ஸ்டூடியோவில் எழுந்தது. பெருமாள் முதலியார் மசியவில்லை. படம் 1952 அக்டோபர் 17, தீபாவளியன்று வெளியானது. நாடகக் கொட்டகையில் உட்கார்ந்து பார்த்த ஒரு பார்வையாளரின் அபிப்பிராயம், ஸ்டூடியோவின் அபிப்பிராயத்தை வென்றதற்கு இதைவிட நல்ல உதாரணம் தமிழில் கிடைப்பது அரிது. சிவாஜி கணேசன் பின்னாளில் ஆண்டுதோறும் பொங்கலுக்கு வேலூரில் முதலியார் வீட்டுக்குச் சீரோடு வந்து வணங்கிப் போனது இவ்வூர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்லும் செய்தி.

‘பராசக்தி’யைப் பற்றிய கருத்துச் சண்டையும் அந்தத் தீபாவளியோடு முடியவில்லை. படத்தைத் தடை செய்ய வேண்டும் என்ற குரல்கள் கிளம்பின. ‘தினமணி கதிர்’ கடுமையாகத் தாக்கி எழுதியது. கருணாநிதியைக் கேலிச் சித்திரமாக வரைந்து ‘பரப்பிரம்மம்’ என்று நக்கல் செய்தது. தி.மு.க. அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டு ‘பரப்பிரம்மம்’ என்று நாடகம் போட்டு ஊர் ஊராக நடத்தியது. ஒரு விமர்சனத்துக்கு நாடகமே பதிலாக வந்த காலம் அது. இன்றைய சண்டைகள் இரண்டு நாளில் ஓய்ந்துவிடுவதைப் பார்க்கையில், அன்றைக்குச் சண்டை போட்டவர்களுக்குப் பொறுமை அதிகம் என்று தோன்றுகிறது.

ரசிகர் மன்றங்கள் வளர்ந்த பிறகு கருத்து படத்துக்கு முன்பே தயாராகிவிட்டது. 1964 நவம்பர் 3, தீபாவளி: சிவாஜிக்கு ‘நவராத்திரி’, ‘முரடன் முத்து’ என்று இரண்டு, எம்.ஜி.ஆருக்குப் ‘படகோட்டி’. அன்று தியேட்டர் வாசலில் யாரிடம் கேட்டாலும், எந்த வரிசையில் நின்றார் என்பதே பதில். இதைக் குறையாகச் சொல்ல வேண்டியதில்லை. திருவிழாவில் தன் சாமியைத் தூக்குகிறவனிடம் சாமி நன்றாக இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. மன்றத்துக்காரரின் சொல்லைக் குடும்பத்துக்கான யோசனையாக எடுத்துக்கொண்டால்தான் கோளாறு.

முதல் வாரக் கருத்து எவ்வளவு நாள் தாங்கும் என்பதற்கும் பண்டிகைகளே சாட்சி. 1991 நவம்பர் 5 தீபாவளிக்குத் ‘தளபதி’யும் ‘குணா’வும் ஒன்றாக வந்தன. அன்று ஊர் ‘தளபதி’ பக்கம் நின்றது. முப்பத்திரண்டு வருஷம் கழித்து, 2024 பிப்ரவரியில், ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படம் ‘குணா’வில் வந்த குகையையும் அந்தப் படத்தின் பாட்டையும் வைத்துத் தமிழ்நாட்டுத் தியேட்டர்களை நிரப்பியபோது, ‘குணா’வைத் திரையரங்கில் பார்த்திராத தலைமுறை எழுந்து நின்று கைதட்டியது. 2003 பொங்கலில் ‘தூள்’ ஜெயித்தது, ‘அன்பே சிவம்’ தோற்றது. 2010 பொங்கலுக்கு வந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ புரியவில்லை என்று ஒதுக்கப்பட்டது. இரண்டுக்கும் இன்றைக்கு இருக்கிற மதிப்பு அன்றைய வாசற்பேச்சில் இல்லை. மறுபக்கம், 2012-இல் எடுத்து முடித்த ‘மதகஜராஜா’ பன்னிரண்டு வருஷம் பெட்டியில் கிடந்து 2025 ஜனவரி 12-இல் வந்து, அந்தப் பொங்கலுக்கு வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தது. பழைய படம் என்று தெரிந்தேதான் ஜனம் போனது. பொங்கலுக்கு என்ன வேண்டும் என்பதில் ஜனம் தெளிவாக இருக்கிறது. எது நிலைக்கும் என்பது வேறு விசாரணை, அதை லீவு நாளில் செய்ய முடியாது.

பொங்கலுக்கு இவ்வட்டாரத்தில் இன்னொரு போட்டியும் உண்டு. வேலூர், திருப்பத்தூர் பக்கத்துக் கிராமங்களில் எருது விடும் விழா நடக்கும் நாள்களில் இளவட்டங்களின் கண் தெருவிலேயே இருக்கும். காணும் பொங்கல் தாண்டித்தான் அவர்களின் கருத்து தெரியவரும்.

பார்த்தவர் எப்போது பார்த்தார் என்பதைச் சொல்லாத கருத்து இப்போதெல்லாம் அரைக் கருத்துதான். படமே ஓடஓட மாறுகிறது. 2012 தீபாவளிக்கு வந்த ‘துப்பாக்கி’யில் முஸ்லிம்களைக் காட்டிய விதத்தை அமைப்புகள் எதிர்த்தபின் படக்குழு வருத்தம் தெரிவித்துச் சில காட்சிகளை நீக்கியது. 2024 ஜூலையில் ‘இந்தியன் 2’, அதே ஆண்டு நவம்பரில் ‘கங்குவா’ இரண்டும் வெளியான பிறகு ஏறத்தாழ 12 நிமிடம் வெட்டப்பட்டன. ‘கங்குவா’வில் காது வலிக்கிறது என்ற புகார் அதிகமானதும், ஒலியளவை இரண்டு புள்ளி குறைத்து ஓட்டும்படி தயாரிப்பாளர் தியேட்டர்காரர்களைக் கேட்டுக்கொண்டார். முதல் நாள் போனவரின் காதுவலியும் நான்காம் நாள் போனவரின் ‘சவுண்டு பரவாயில்லையே’ என்ற சொல்லும் இரண்டுமே உண்மை. தேதியைச் சொல்லாவிட்டால் இருவரும் ஒருவரையொருவர் பொய்யர் என்பார்கள்.

முதல் நாள் கருத்து இந்த ஊரில் பிறப்பதும் குறைந்துவிட்டது. 2023 ஜனவரி 11-இல் ‘துணிவு’, ‘வாரிசு’ வெளியான விடியற்காலைக் கொண்டாட்டத்தில் சென்னையில் ஒரு இளைஞர் லாரி மேலிருந்து விழுந்து இறந்தார். அதன்பின் தமிழ்நாட்டில் காலை 9 மணிக்கு முன் காட்சி இல்லை என்றானது. 2023 அக்டோபரில் ‘லியோ’வுக்கு 4 மணிக் காட்சி கேட்டும் கிடைக்கவில்லை, அண்டை மாநிலங்களில் பொழுது விடியும் முன்பே படம் ஓடியது. வேலூர் ரசிகர் பல் துலக்கும்போதே கேரளத்திலும் கர்நாடகத்திலும் பார்த்தவர்களின் தீர்ப்பு கைபேசியில் வந்து கிடக்கிறது. அந்தத் தீர்ப்போடுதான் அவர் தியேட்டருக்குள் நுழைகிறார். படம் பிடித்ததா என்பதைவிட, காலையில் படித்தது சரியா என்று பார்த்துக்கொண்டிருப்பதே பலருக்கு வேலையாகிறது.

தியேட்டர் வாசலில் மைக் நீட்டிக் கருத்துக் கேட்பதைத் தயாரிப்பாளர்கள் பெரும் ஆபத்தாகக் கருதுகிறார்கள். ‘இந்தியன் 2’, ‘வேட்டையன்’, ‘கங்குவா’ ஆகியவற்றுக்குக் கிடைத்த வசவுக்குப் பிறகு, தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப் சேனல்களை விடாதீர்கள் என்று உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டார்கள். 2024 டிசம்பரில், வெளியான முதல் மூன்று நாள் இணைய விமர்சனத்துக்குத் தடை கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள். விமர்சிப்பது கருத்துச் சுதந்திரம் என்று சொல்லி நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. அந்தத் தீர்மானம் சரியானதே. காசு கொடுத்தவன் கைக்கு வந்த சரக்கைப் பற்றிப் பேச மூன்று நாள் பொறுக்க வேண்டும் என்று எந்தக் கடைக்காரரும் கேட்பதில்லை. தயாரிப்பாளர்கள் சொல்வதில் நியாயமான பகுதி வேறொன்று: நடிகரின் வீட்டாரையும் உடலையும் இழுத்துப் பேசுவதும், பார்க்காமலே பார்த்ததாகச் சொல்வதும் கருத்தில் சேராது.

பார்க்காமல் சொல்லும் கருத்து இவ்வட்டாரத்தில் தனிக் கவனத்துக்கு உரியது. தையல் லைனில் அடுத்தடுத்த மிஷினில் இந்துப் பெண்ணும் முஸ்லிம் பெண்ணும் உட்காரும் ஊர்கள் இவை. ‘விஸ்வரூபம்’ 2013 ஜனவரி 25-இல் வர இருந்தது. முஸ்லிம் அமைப்புகளின் எதிர்ப்புக்குப் பின் கலெக்டர்கள் 144 தடை போட்டார்கள். சில இடங்களைத் திருத்த ஒப்புக்கொண்டபின் பிப்ரவரி 7-இல் தமிழ்நாட்டில் வெளியானது. அந்த இரண்டு வாரமும் படத்தைப் பற்றி ஊரே பேசியது, படத்தைப் பார்த்தவர் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். 2024 அக்டோபர் 31 தீபாவளிக்கு வந்த ‘அமரன்’ பெரும் கூட்டத்தைக் கண்ணீர் விடவைத்தது. காஷ்மீரையும் முஸ்லிம்களையும் அது காட்டும் விதத்தை எதிர்த்துப் போராட்டங்களும் நடந்தன. நவம்பரில் நெல்லை மேலப்பாளையத்தில் அந்தப் படம் ஓடிய தியேட்டர் மீது பெட்ரோல் குண்டு வீசப்பட்டது. சாய் பல்லவியின் நடிப்பில் உருகுவதும், கதை யாரை எதிரியாக நிறுத்துகிறது என்று கேட்பதும் ஒரே ஆள் செய்யக்கூடிய இரண்டு காரியங்கள். பார்த்தவர் இரண்டையும் சொல்லலாம். பார்க்காதவர் இரண்டில் ஒன்றைத்தான் உரக்கச் சொல்வார்.

படத்தைப் பற்றிக் கைபேசியில் செய்தி அனுப்புவோருக்குச் சட்டத்தில் இரண்டு விஷயங்கள் தெரிந்திருப்பது நல்லது. நாயகன் அறிமுகமாகும் காட்சியைக் கைபேசியில் பிடித்து ஸ்டேட்டஸில் போடுவது ரசிகருக்கு விளையாட்டு. 2023-இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டப்படி தியேட்டரில் படத்தைப் பதிவு செய்வது குற்றம். குறைந்தபட்சம் மூன்று மாதச் சிறை, மூன்று லட்சம் ரூபாய் அபராதம், கூடினால் மூன்று வருஷம் வரை சிறை. அதே திருத்தம் யு/ஏ சான்றிதழை 7 வயது, 13 வயது, 16 வயது என்று பிரித்தது. புள்ளைங்களைக் கூட்டிப்போகலாமா என்ற கேள்விக்குப் பாதி விடை போஸ்டரின் மூலையிலேயே அச்சாகியிருக்கிறது. மீதி விடைக்குப் பார்த்தவர் வேண்டும், ஏனென்றால் எந்த வயதுக்கு எந்தப் படம் அலுப்பூட்டும் என்பதைச் சான்றிதழ் சொல்வதில்லை.

ரம்ஜான் படங்கள்தான் இவ்வட்டாரக் கருத்துலகின் தனிச் சொத்து. நோன்பு மாதத்தில் தராவீஹ் தொழுகைக்குப் பிறகு கடைத்தெரு விழித்திருக்கும். சினிமாவுக்குப் போவோர் குறைவு. பெருநாள் தொழுகை, வீட்டில் சீரகச் சம்பா பிரியாணி, மாலையில் படம் என்பது இளைஞர் வழக்கம். இந்திப் படவுலகு 2009-இன் ‘வாண்டட்’, 2010-இன் ‘தபங்’ தொட்டுப் பெருநாளைச் சல்மான் கானுக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. உருதுக் காதுக்கு அந்த வசனம் சப்டைட்டில் இல்லாமலே ஏறுவதால், இந்திப் படத்துக்குத் தமிழ்நாட்டில் வேறு சிறு நகரங்களில் கிடைக்காத விமர்சகர்கள் ஆம்பூரிலும் மேல்விஷாரத்திலும் கிடைக்கிறார்கள்.

2025-இன் பெருநாள் வாரம் இதற்கு நல்ல பாடம். மார்ச் 27, வியாழன்: விக்ரமின் ‘வீர தீர சூரன்’, மோகன்லாலின் ‘எம்புரான்’. பணத் தகராறு ஒன்றில் டெல்லி உயர் நீதிமன்றம் தலையிட்டதால் ‘வீர தீர சூரன்’ காலையில் வரவில்லை, சாயங்காலம்தான் வந்தது. முதல் நாள் முதல் காட்சிக்கு லீவு போட்டவர்களின் கோபம் படத்தின் மேலும் கொஞ்சம் விழுந்தது. மார்ச் 30, ஞாயிறு: சல்மானின் ‘சிக்கந்தர்’; அன்றைக்கே தெலுங்கு வீடுகளில் உகாதி. மார்ச் 31, திங்கள்: பெருநாள். வட்டாரத்தின் மூன்று மொழிக்காரர்களுக்கும் அந்த ஒரே வாரத்தில் லீவும் படமும் கிடைத்தன. ‘எம்புரான்’ முதலில் குஜராத் கலவரக் காட்சிகளோடு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் மோகன்லால் வருத்தம் தெரிவித்தார், படக்குழு தானே முன்வந்து வெட்டியது. பெருநாளுக்கு முன்னால் பார்த்தவரும் அந்த வாரக் கடைசியில் பார்த்தவரும் ஒரே படத்தைப் பார்க்கவில்லை. வெட்டிய பகுதி எது என்பதே இவ்வட்டாரத்தில் பலருக்கு முக்கியமான சேதி. ‘நல்லாருக்கு’, ‘நல்லால்ல’ என்பது அதற்குப் பிறகுதான். ‘சிக்கந்தர்’ பற்றிய பேச்சு சீக்கிரமே அடங்கியது. சல்மானைப் பார்க்கப் போனவர்கள் சல்மானைப் பார்த்துவிட்டு வந்தார்கள். சிறு சத்தத்தோடு வந்த ‘வீர தீர சூரன்’ வாய்ச்சொல்லில் நிமிர்ந்தது.

பெருநாள் பிறைக் கணக்கில் வருவதால் ஆண்டுக்குப் பத்து, பதினோரு நாள் முன்னால் நகர்கிறது. 2005-இல் அது தீபாவளிக்குப் பக்கத்தில் இருந்தது: நவம்பர் 1-இல் ‘சிவகாசி’யும் ‘மஜா’வும் தீபாவளிக்கு வந்தன, அந்த வாரம் முடிவதற்குள் பெருநாள் வந்துவிட்டது. போனஸும் பெருநாள் துணியும் ஒரே வாரத்துக் கடைவீதியில் மோதிக்கொண்ட ஆண்டு அது. இதே நகர்வில் 2032-இல் பெருநாள் ஜனவரி நடுவே, பிறை ஒருநாள் முன்பின் ஆனாலும், பொங்கலை ஒட்டி வந்து நிற்கும். எருது விடும் விழாவுக்கும் பெருநாள் தொழுகைக்கும் போய்வந்த இரண்டு கூட்டமும் அந்த ஆண்டு ஒரே வாரத்தில் ஒரே படத்தின் டிக்கெட்டுக்கு நிற்கும். எந்தப் படத்தை அந்தத் தேதியில் விடுவது என்ற கணக்கைச் சென்னையில் யாராவது போடத் தொடங்கினால், என்.எஸ்.சி. என்ற மொத்த எண்ணைப் பிரித்துப் பார்க்க அவர்களுக்கு அப்போதுதான் முதல் காரணம் கிடைக்கும்.